சீட் இல்லாத சைக்கிள்

சைக்கிளில் இரண்டு வாழைத்தார்களைக் கட்டிக்கொண்டு செம்மேட்டு டீக்கடை முன்னால் அம்சவேணி காத்திருந்தாள். அவளுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த அரசு சைக்கிள் அது. மகள் கல்யாணமாகிப் போனதும் அம்சவேணி சீட்டைக் கழற்றிப் போட்டுவிட்டாள்; அப்போதுதான் தார் அணைந்து உட்காரும். தன் ஊரான வாழவந்தி நாட்டிலிருந்து செம்மேட்டுச் சந்தைக்குத் தள்ளிக்கொண்டே வருவாள். "எப்பத்தான் ஏறி உக்காரப் போற?" என்று டீக்கடைச் சின்னுசாமி கேட்காத வாரமில்லை.

அன்றைக்கு அவள் காத்திருந்தது சைக்கிள் கிளப்புக்காக. ஞாயிறுதோறும் நாமக்கல்லிலிருந்து மலை வளைவெல்லாம் ஏறி வந்து, டீ குடித்து, படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறவர்கள். ஆட்டோ ஸ்டாண்டை மாற்றப் பார்த்தபோது ஆட்டோ சங்கம் ரோட்டில் உட்கார்ந்து தடுத்ததை அவள் பார்த்திருக்கிறாள். சைக்கிளுக்கும் சங்கம் இருக்கிறதென்றால் சைக்கிள்காரியை விட்டுவிடுமா?

சந்தைத் திடலில் சுற்றுலா விடுதி கட்டப்போகிறார்களாம். சந்தை அரியூர் நாட்டு ரோட்டில் ஏற்றத்துக்கு மேலே போய்விடுமாம். அந்த ஏற்றத்தில் வெறும் சைக்கிளைத் தள்ளினாலே நெஞ்சு அடைக்கும். சந்தைக்குப் போக முடியாவிட்டால், தோட்டத்துக்கு லாரியோடு வரும் வியாபாரி செல்வம் சொல்வதுதான் விலை.

கிளப் தலைவர் முருகானந்தம் வந்து இறங்கினார். தொப்பையை மறைக்கத் தெரியாத இறுக்கமான சட்டை.

"ஏனுங்க, சங்கத்துத் தலைவருங்களா?"

"சங்கமா?" அவர் சிரித்தார். "சீட் எங்கம்மா?"

"உக்கார நேரமேதுங்க? சந்தையத் தூக்கி மேட்டுல வெக்கறாங்களாமா. புதங்கெழமை கூட்டம் போடறாங்க. நம்ம சங்கத்துல நாலு பேரு எந்திரிச்சு வேண்டாம்னு சொன்னாப் போதுங்க."

"அது நெலத்து அரசியல்மா. எங்க வேலை சைக்கிள் மட்டும்தான்."

பின்னால் வந்த பிரேம் ஹெல்மெட்டைக் கழற்றினான். கிளப்பின் செயலாளர் அவன். "சார், சந்தை பக்கத்துல இருந்தாத்தான சைக்கிள்ல வருவாங்க? அதத் தூக்கி மேட்டுல வெச்சுட்டா நாம யாருக்கு சார் சைக்கிள் பாதை கேக்கறோம்?"

"வருஷக்கணக்கா பாதைக்கு அலையறோம் பிரேம். இதுல வாயத் தொறந்தா அதுவும் போச்சு. நம்மகிட்ட எல்லாக் கட்சிக்காரனும் இருக்கான். பாதிப் பேர் நின்னுக்குவான். அப்புறம் கிளப் எங்க?"



"நீங்க பேசுவீங்கல்ல சாமி?" என்று பிரேமைக் கேட்டாள் அம்சவேணி.

"பாக்கறேங்க்கா."

புதன்கிழமைக் கூட்டத்தில் அவள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். முருகானந்தம் எழுந்து, புதுச் சந்தைக்குப் போகும் ரோட்டில் சைக்கிள் பாதை வேண்டும் என்று கேட்டார். அதிகாரி அங்கேயே சரி என்றார். விடுதிக்காரர் கைதட்டினார். சைக்கிள் என்ற சொல் காதில் விழுந்ததும் அம்சவேணியும் கைதட்டினாள். சந்தை மேட்டுக்குப் போவதற்குத்தான் கைதட்டியிருக்கிறாள் என்று பக்கத்து வீட்டுக் கோகிலா விளக்கியபோது கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. பிரேம் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். ரொம்ப நேரமாக.

பச்சைப் பெயிண்ட் அடித்த பாதையைத் திறந்த அன்று அவளை மேடைக்குக் கூப்பிட்டார்கள். முருகானந்தம் தன் கையாலேயே அவள் சைக்கிளுக்குப் புது சீட் மாட்டினார். போல்ட்டை முடுக்கும்போது விரல் சிராய்த்து ரத்தம் வந்தது. அதைப் பொருட்படுத்தாமல், "இனிமே ஏறி உக்காந்து போங்கம்மா" என்றார். மனதாரத்தான் சொன்னார்.

முதல் சந்தைக்குப் பாதி ஏற்றம் வரை தள்ளினாள். சீட்டின் வழவழப்பில் தார் சரிந்து பச்சைப் பெயிண்டில் விழுந்தது. மேலேயிருந்து மணியடித்துக்கொண்டு சைக்கிளில் இறங்கியவர்களுக்கு வழிவிட்டு, உதிர்ந்த பழங்களை மடியில் பொறுக்கிக்கொண்டு திரும்பினாள்.

அடுத்த வாரம் லாரி தோட்டத்துக்கே வந்தது. வெட்டிய தார்களை அம்சவேணி ஒவ்வொன்றாகத் தோளில் சுமந்துவந்து வரப்பில் நிறுத்தினாள். வேலியோரம் ஸ்டாண்டு போட்டு நின்ற சைக்கிளில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத சீட்டில், செல்வம் ஏறிக் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இது வேண்டாம்" என்று ஒரு தாரைப் பார்த்து விரலை நீட்டினான். "அதுவும் வேண்டாம்."