புயலக்காவின் கடைசி எட்டு நிமிடம்

இன்னும் ஒரே ஒரு ஆள் என்னிடம் வந்து, "புயலக்கா மாதிரி இனிமே ஒண்ணு வருமா?" என்று கேட்டால், கையில் இருக்கிற டேப்பை அவர் தலையில் போட்டுவிடுவேன். அந்த மாதம் முழுவதும் எனக்கு அப்படித்தான் இருந்தது. புயலக்கா தொடர் வெளியாகி முப்பத்தைந்து வருடம் ஆனதைக் கொண்டாடப் போவதாகத் தொலைக்காட்சி நிலையம் அறிவித்துவிட்டது. அவ்வளவுதான், தலை நரைத்த ஆம்பளைகள் அவளை மாதிரியே கழுத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண் போனிலேயே முகப்புப் பாட்டை முழுசாகப் பாடிவிட்டு அழுதாள். நான் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு அலமாரி துடைத்தேன்.

எனக்குப் புயலக்காவைப் பிடிக்காது என்று நினைத்துவிட வேண்டாம். உயிர். தொடர் ஓடிய வருடம்தான் நான் இங்கே டேப் அறையில் வேலைக்குச் சேர்ந்தேன், வயது இருபத்திரண்டு. புயலக்கா பகலெல்லாம் தபால் நிலையத்தில் முத்திரை குத்துவாள். யாருக்காவது ஆபத்து என்றால் முகமூடியை மாட்டிக்கொண்டு பறப்பாள். குறுக்கே நிற்கிற ஆம்பளைகளைப் பார்த்து, "தள்ளு, நான் பாத்துக்கறேன்" என்பாள். அந்த ஒரு வசனத்துக்காக ஊரே அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தது. அவள் பறந்ததெல்லாம் நீலத் துணி போர்த்திய ஸ்டூலில் குப்புறப் படுத்துத்தான், முன்னால் ஒரு மேசை விசிறி. மேலங்கி, வரவேற்பறையில் கிழிந்த திரைச்சீலை. இதெல்லாம் தெரிந்த பிறகும் எனக்கு அவள் பறந்தாள்.

டேப் அறை கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. ஒரே ஒரு ஜன்னல், அதில் தெருவில் போகிறவர்களின் செருப்புகள்தான் தெரியும். ஏசி சொட்டுவதற்குக் கீழே ஒரு வாளி. டேப் ஓட்டுகிற இயந்திரம் இரண்டு, ஒன்று ஓட இன்னொன்றிலிருந்து உதிரி கழற்றிக் கழற்றி இப்போது ஒன்றுதான் பாக்கி. என் வேலை, பழைய டேப்புகளை ஒவ்வொன்றாக ஓட்டிக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது, ஏற்றியதைச் சாக்கில் போடுவது. சாக்குகள் அழிக்கப் போகும். இன்னும் மூன்று வாரத்தில் நானும் ஓய்வு பெற்றுப் போவேன். முதுகும் முட்டியும் எப்போதோ போய்விட்டன, நான்தான் பாக்கி.

புயலக்கா மொத்தம் ஐம்பத்திரண்டு பாகம். ஐம்பத்தொன்று கிடைத்துவிட்டது. கடைசிப் பாகத்துக்கு எதிரே பதிவேட்டில், "ஈரம் பட்டுச் சேதம்" என்று எழுதியிருந்தது. எழுதியது என் கையெழுத்து.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, புயலக்காவாக நடித்தவரைப் பேட்டிக்கு அழைத்திருந்தார்கள். மேலே விளக்கும் பூச்செண்டுமாக அமர்க்களம். நான் போகவில்லை. பதினோரு மணிக்குப் படியில் மெதுவாக யாரோ இறங்குகிற சத்தம், ஒரு படிக்கு ஒரு மூச்சு. எட்டிப் பார்த்தால் அவரேதான். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முகத்தில் போட்ட பவுடர் வியர்வையில் திட்டுத் திட்டாக. ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"லிஃப்ட் இருக்கேக்கா, ஏன் படியில வர்றீங்க?"

"லிஃப்ட்ல ஏறினா இன்னும் நாலு பேர் செல்ஃபி எடுப்பாங்க. அதுக்கு இந்தப் படியே தேவல," என்றார். என் நாற்காலியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிக் கால்களைப் பார்த்தார். இரண்டும் வீங்கியிருந்தன. "காலையில இருந்து, பறந்து காட்டுங்க, பறந்து காட்டுங்கன்னு ஒரே தொல்லை. எனக்கு எழுந்து நிக்கவே ஆள் வேணும்."

தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, வந்த விஷயத்துக்கு வந்தார்.

"கடைசிப் பாகம் ஒண்ணு இருக்குல்லம்மா. அதை ஒருதடவ பாக்கணும். எனக்காக இல்ல. அதுல நெருப்புல மாட்டிக்கிட்ட ஒரு சின்னப் பையன் வருவான், ஞாபகமிருக்கா? ஓடி வந்து என்னைக் கட்டிப்பான். வசனம்கூடக் கிடையாது அவனுக்கு. அன்னைக்கு வர வேண்டிய குழந்தைக்கு அம்மை போட்டிருச்சு. டைரக்டர் தலையில கை வெச்சிட்டு உக்காந்துட்டாரு. நான்தான் என் பையனைக் கூட்டிட்டு வந்து நிறுத்தினேன். ஆறு வயசு."

"இப்ப அவர்..."

"எட்டு வயசுல போயிட்டான். மூளைக் காய்ச்சல். மூணே நாள்." கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "அவன் அசையற மாதிரி என்கிட்ட எதுவுமே இல்ல. அப்ப வீட்ல வீடியோ எடுக்கறதெல்லாம் ஏது? அடுத்த வாரம் எனக்கு இதயத்துல ஆபரேஷன். டாக்டர் பாதி பாதிங்கறாரு. அதான், போறதுக்கு முன்னாடி ஒருதடவ பாத்துட்டா நிம்மதி."

என் வாய் முப்பது வருடப் பழக்கத்தில் தானாகப் பேசியது.

"அது ஈரம் பட்டுக் கெட்டுப்போச்சுக்கா."

சண்டை போடுவார் என்று நினைத்தேன். போட்டிருந்தால் எனக்கும் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். "சரிம்மா. நீ என்ன பண்ணுவ பாவம்," என்றார். கொஞ்ச நேரம் வாளியில் சொட்டுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு வந்த வழியே படியேறிப் போனார். பாவம் என்று அவர் என்னைச் சொன்னதுதான் தாங்கவில்லை.

ஈரமும் இல்லை, கீரமும் இல்லை. அந்த டேப்பை அழித்தவள் நான்.

அப்போதெல்லாம் புது டேப்புக்குப் பெரும் தட்டுப்பாடு. மேலேயிருந்து ஆள் வந்து, "ஏதாவது பழசு ஒண்ணைக் குடும்மா, அது மேலயே பதிஞ்சுக்கறோம், அவசரம்" என்பார்கள். எதை அழிப்பது என்பது டேப் அறையின் விருப்பம். நாங்களும் பிடிக்காததைத்தான் முதலில் எடுப்போம், அதில் ஒரு அற்ப சந்தோஷம். தொடர் முடிந்து இரண்டு வருடம் கழித்து மலர்க் கண்காட்சி ஒன்றைப் பதிவு செய்ய டேப் கேட்டார்கள். அந்த வாரம்தான் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வேலையை விட்டுவிட வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லியிருந்தார்கள், எங்கள் வீட்டிலும் தலையாட்டிவிட்டு வந்திருந்தார்கள். கடைசிப் பாகத்தில் புயலக்கா என்ன செய்தாள் தெரியுமா? முகமூடியைக் கழற்றிப் படியில் வைத்துவிட்டு, அந்தப் பையன் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். நீயுமாடி என்று பற்றிக்கொண்டு வந்தது. அலமாரியில் இருநூறு டேப் இருந்தும் அதைத்தான் உருவிக் கொடுத்தேன். யாராவது கேட்பார்களே என்று மறுநாள் ஈரத்தின் மேல் பழியைப் போட்டேன். கடைசியில் கல்யாணமும் நடந்தது, வேலையையும் விடவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஓடி ஓடி இடுப்பு ஒடிந்ததுதான் மிச்சம்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் இடம் கிடைக்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் பொறி தட்டியது. மலர்க் கண்காட்சி இருபது நிமிடம். புயலக்கா இருபத்தெட்டு நிமிடம். இருபது நிமிடத்துப் பூவை மேலே ஏற்றினால், அதற்குப் பிறகு வரும் எட்டு நிமிடத்தை யார் தொட்டார்கள்?

யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பதிவேட்டில் எழுதியிருக்கும் நிமிடத்துக்கு மேல் ஒரு நொடிகூட டேப்பை ஓட்டக் கூடாது, ஓட்டினால் இயந்திரத்தில் டேப்பைப் படிக்கிற ஹெட் தேய்ந்துவிடும் என்று இந்த அறையில் சட்டம் போட்டு, மீறினவர்களை வாய்க்கு வந்தபடி திட்டி வைத்தவளும் நான்தான். மூன்று மாதம் முன்பு அந்தப் பூக்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, சரியாக இருபதாவது நிமிடத்தில் நிறுத்தி, டேப்பைச் சாக்கில் எறிந்ததும் இதே கைதான்.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக வந்து, இன்னும் அழிக்கப் போகாமல் குவிந்து கிடந்த சாக்குகளைத் தரையில் கொட்டினேன். மொத்தம் ஒன்பது சாக்கு. எட்டாவதைக் கொட்டிக்கொண்டிருந்தபோது எங்கள் நிர்வாகி வந்து நின்றார். எதைச் சொன்னாலும் "சரி சரி" என்பதால் அவருக்குப் பெயரே சரிசரி. நடந்ததை மறைக்காமல் சொன்னேன்.

"சரி சரி," என்றார். பிறகுதான் மூளைக்கு ஏறியது. "சரியில்லையே மேடம்! ஈரம்னுதானே எல்லாப் பேப்பர்லயும் சொல்லியிருக்கோம்? இப்போ போய் நம்ம ஆளே அழிச்சாங்கன்னா நிலையத்து மானம் என்ன ஆகறது? உங்களுக்கும் மூணு வாரம்தான் இருக்கு. விசாரணை அது இதுன்னு ஏன் வம்பை விலைக்கு வாங்கறீங்க? பேசாம சாக்கைக் கட்டுங்க."

பதிவேட்டை எடுத்து, "ஈரம் பட்டுச் சேதம்" என்பதை அடித்துவிட்டு, "என்னால் வேண்டுமென்றே அழிக்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் பதிவேட்டைப் பிடுங்க வந்தார்.

"தள்ளுங்க, நான் பாத்துக்கறேன்," என்றேன்.

சத்தியமாக வேண்டுமென்று சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. அவர் சின்ன வயதில் எத்தனை தடவை கேட்டிருப்பாரோ, மனிதர் தள்ளி நின்றார். ஒன்பதாவது சாக்கின் அடியில் கிடந்தது டேப். மலர்க் கண்காட்சி லேபிளின் ஓரத்தை நகத்தால் கிள்ளினேன். அடியில் என்னுடைய பழைய எழுத்தில் "புயல் 52".

நான் அதை ஓட்டிப் பார்க்கவில்லை. அந்த வயதான டேப்புகள் இன்னொரு தடவை ஓடுவதே பெரிய விஷயம், உள்ளே இருப்பதெல்லாம் பொடியாக உதிர்ந்துவிடும். ஓடுகிற அந்த ஒரு தடவையிலேயே நகலும் எடுத்துவிட வேண்டும். அந்தத் தடவை அவருடையது. போன் செய்தேன். மறுநாள் மதியம் வந்தார், இந்த முறை லிஃப்டில்.

டேப்பைப் போடுவதற்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கல்யாணம், கோபம், பொய், எதையும் விடவில்லை. அவர் மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு கேட்டார்.

"அவன் ஓடி வர்றது?"

"அது பதினஞ்சாவது நிமிஷம்க்கா. போயிருச்சு. அந்த இடத்துல இப்ப டேலியாப் பூ இருக்கு. என்னை மன்னி..."

"மன்னிப்பெல்லாம் இப்ப கேக்காதே. எனக்கு அதுக்குத் தெம்பு இல்ல. மிச்சம் இருக்கறதைப் போடு."

போட்டேன். நகலுக்கான பொத்தானையும் அழுத்தினேன். டேலியாக்கள் வரிசையாக நின்றன, யாரோ ரிப்பன் வெட்டினார்கள், நன்றி என்று எழுத்து வந்தது. திரை கோடு கோடாகக் குலுங்கியது. பிறகு படி. புயலக்கா முகமூடியைக் கழற்றிப் படியில் வைக்கிறாள். பக்கத்தில் ஒரு பையன், முதுகு மட்டும். அரைக்கால் டவுசர், ஒரு காலுறை கீழே சரிந்திருக்கிறது. கையைக் கோத்துக்கொண்டு இருவரும் உள்ளே நடந்து போகிறார்கள். அவன் ஒருதடவைகூடத் திரும்பவில்லை. திரும்புடா, ஒரு நொடி திரும்புடா என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். பெயர்கள் ஏறி முடிந்து திரை இருண்டது.

அவர் எழுந்திருக்கக் கைப்பிடியைத் தேடினார். முகத்தில் ஒன்றுமே இல்லை. "முதுகாவது கிடைச்சுதே," என்றார்.

நான் நிறுத்தக் கை நீட்டினேன். நிறுத்துவதற்குள் ஸ்பீக்கரில் ஏதோ கரகரத்தது. அந்தக் காலத்தில் எங்கள் நிலையத்தில் வெட்டி ஒட்டுவதெல்லாம் கிடையாது. ஸ்டூடியோவில் நடப்பது நேராக டேப்பில் ஏறும், காமெராவை மூடிய பிறகும் யாராவது வந்து நிறுத்தும்வரை மைக் கேட்டுக்கொண்டே இருக்கும். நாற்காலி இழுக்கும் சத்தம். யாரோ இருமினார்கள். அப்புறம் மைக்குக்கு மிக அருகில், மூக்கடைத்த ஒரு சின்னக் குரல்.

"அம்மா, முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சுடா கண்ணு."

"அப்ப வீட்டுக்குப் போலாமா? கால் வலிக்குதும்மா."

"அம்மாவுக்கும்தாண்டா வலிக்குது. வா, போலாம்."

டக்கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான், டேப் முடிந்துவிட்டது.

வீட்டுக்குப் போகிறாளே என்று முப்பத்து மூன்று வருடமாக நான் கோபப்பட்ட புயலக்கா. அவளுக்கும் கால்தான் வலித்திருக்கிறது.

அவர் நின்றது நின்றபடி இருந்தார். பிறகு நாற்காலியில் மெல்ல உட்கார்ந்து, என் கையைத் தேடிப் பிடித்தார். பிடி வலித்தது.

"மொகத்துக்குச் செவுரு பூரா போட்டோ இருக்கும்மா," என்றார். "கொரல்தான் மறந்துபோச்சு. பெத்தவ, பிள்ளையோட கொரலை மறந்துட்டேன்னு யார்கிட்டப் போய்ச் சொல்றது? அதான் ஓடறதையாவது பாக்கணும்னு கேட்டேன்."

நகல் பதிவாகியிருந்தது. பின்னோக்கி இழுத்து அந்தக் குரலை மறுபடி போட்டேன். அதற்கப்புறமும் போட்டேன். எத்தனை தடவை என்று தெரியாது, ஜன்னலில் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களின் செருப்புகள் கூட்டமாக நடக்க ஆரம்பித்துவிட்டன. ஒவ்வொரு தடவையும் அந்தக் குரல் வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டது. ஒவ்வொரு தடவையும், டேப்பில் இருக்கிறவள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "போலாம்டா" என்றார்.