பல் டாக்டரின் கம்பளிப் பெட்டி

பல் டாக்டர் தச்சு வேலையில் இறங்கிய கதையைக் கேட்டால் அவர் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். முதலில் ஒரு முக்காலி செய்தார். அதில் உட்கார்ந்த அவளுடைய பெரியம்மா நேராகத் தரைக்கு வந்துசேர்ந்தார். அடுத்தது புத்தக அலமாரி. புத்தகத்தைத் தவிர எல்லாவற்றையும் தாங்கியது. மூன்றாவதாகக் கம்பளி வைக்கும் பெட்டி என்று ஆரம்பித்ததும் அவள் கறாராகச் சொல்லிவிட்டாள்.

“இதுதான் கடைசி. எங்கண்ணன் வந்து பாத்து நல்லா இருக்குன்னு சொன்னா பின்னறை உங்களுக்கு. இல்லேன்னா ரம்பம், உளி எல்லாத்தையும் மூட்டை கட்டுங்க. அங்க என் தையல் மெஷினைப் போட்டுக்கிறேன்.”

அண்ணன் முப்பது வருடத் தச்சர். சிரிப்பதற்கு முன்னால்கூட அளவெடுக்கிற ஆள்.

டாக்டருக்கோ அந்த அறைதான் உயிர். பகலெல்லாம் அவரைக் கண்டாலே ஜனங்கள் நடுங்குகிறார்கள், குழந்தைகள் அவர் விரலைக் கடிக்கின்றன. பின்னறையில் மட்டும்தான் எதை அறுத்தாலும் அது அலறுவதில்லை. அந்த அறையும் போனால் தனக்கென்று ஒன்றுமில்லை என்று அவர் நிஜமாகவே நம்பினார்.

ஆனாலும் மனிதர் அடங்கினாரா? ‘ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ்’ பாணிதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். நூறு வருடத்துக்கும் முன்னால், தொழிற்சாலைச் சாமான்களைக் கண்டு எரிச்சலடைந்த சில பிடிவாதக்காரர்கள் கிளப்பிவிட்டது அது. வெட்டி அலங்காரம் கூடாது, மூடி மறைக்கக் கூடாது. சட்டத்தின் நுனியை முளைபோலக் கழுந்தாகச் செதுக்கிக் காலின் துளையில் செருகினால், அது மறுபக்கம் தலைநீட்டி நிற்கவேண்டும். வேலையை ஊரே பார்க்கலாம். தப்புச் செய்தாலும் ஊரே பார்க்கும்.

ஓக் மரத்தில் ஏழு கழுந்துகள் கச்சிதமாக உட்கார்ந்தன. எட்டாவது லொடலொடவென்று ஆடியது. தச்சராக இருந்தால் அந்தச் சட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகச் செய்திருப்பார். இவர் கை, ஓட்டையைக் கண்டதும் தானாகவே கிளினிக் பையைத் துழாவியது. பல் அடைக்கிற பசையை, வெற்றிலை போடுகிறவர் பல்லுக்கான நிறத்தில் எடுத்து அடைத்து, நீல விளக்கைக் காட்டி இறுக வைத்து, மெருகும் போட்டார். பழக்கதோஷத்தில் “கொப்பளிங்க” என்றும் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். மூடியைத் திறந்து மூடினார். ஒவ்வொரு கழுந்தையும் நகத்தால் வருடினார். எட்டாவதில் நகம் நின்றது. மனைவி காபி போட உள்ளே போயிருந்தாள்.

“மாப்ள, என்ன இது?”

டாக்டர் உண்மையைச் சொன்னார். மச்சான் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“கல்லு மாதிரி இருக்கே! நான் இத்தன வருஷமா மரத்தூளையும் பசையையும் குழைச்சு அடைச்சு அல்லாடுறேன். நாலு டியூப் குடுங்க. பெட்டி பிரமாதம்னு சொல்லிடுறேன்.”

டாக்டர் தலையாட்டினார். காபி வந்தது.

“முதல் தரம்மா! ஒரு இடுக்குகூட இல்ல” என்றார் மச்சான்.

அவள் பெட்டியைத் தடவித் தடவிப் பார்த்தாள். “நிஜமாவே நீங்களா செஞ்சீங்க?” என்று கேட்டபோது அவள் முகத்தில் அப்படியொரு பெருமை. டாக்டருக்கு அங்கேதான் தாங்கவில்லை. ஏழு கழுந்துக்கான பெருமையை அவர் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டிருப்பார். எட்டாவதுக்கானதை வாங்கக் கை நீளவில்லை.

“இல்லம்மா. ஒரு எடத்துல ஆட்டம் இருந்துச்சு. பல்லுக்கு அடைக்கிறதை அடைச்சிட்டேன். உங்கண்ணனுக்கும் தெரியும். அவரும் இப்படித்தான் அடைப்பாராம்.”

“மாப்ள!” என்றார் மச்சான். முகம் சுண்டிவிட்டது.

அவள் டார்ச்சை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போனாள். அங்கே இருந்தது அவள் கல்யாணத்துக்கு அண்ணன் தன் கையால் செய்துகொடுத்த கட்டில். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவள் காட்டிக் காட்டி மாய்ந்துபோன கட்டில். கொண்டை ஊசியால் எதையோ சுரண்டும் சத்தம் கேட்டது. வெகுநேரம் கேட்டது.

“ரெண்டு பேரும் இங்க வாங்க.”

போனார்கள். கட்டில் காலடியில், இடுக்குகளில் அடைத்திருந்த மரத்தூள் குவிந்திருந்தது. அவளுக்குக் கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் கலங்கவில்லை.

“கட்டிலைத் தூக்குங்க. பெட்டியும் கட்டிலும் பின்னறைக்குப் போகட்டும். நீங்க ரெண்டு பேரும் கூடவே போங்க. ஒழுங்கா செஞ்சு முடிக்கிற வரைக்கும் யாரும் வெளிய வரக்கூடாது.”

பின்னறை டாக்டருக்கே நிலைத்தது. உள்ளே மச்சானும் இருந்தார் என்பது ஒன்றுதான் குறை.