காணாத கனவு

பல் மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்த அவளுக்கு வகுப்பில் வைத்த பெயர் மெழுகு. மெழுகுக் கட்டியைச் செதுக்கிப் பல் செய்யும் பாடத்தில் அவள் கைக்கு ஈடு கிடையாது. மற்றவர்கள் கடைவாய்ப்பல் என்று நீட்டுவதை ஆசிரியர் உயர்த்திப் பிடித்து, "இது பல்லா, உருளைக்கிழங்கா?" என்று கேட்பார். மெழுகு செய்ததை மட்டும் ஒன்றும் சொல்லாமல் ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போவார். வெயில் ஏற ஏற அது உள்ளுக்குள் விளக்கு வைத்தது போல மங்கலாய் ஒளிரும்.

கை அப்படி. வாய்தான் வராது. ஊரில் அப்பா லிஃப்ட் மெக்கானிக், அம்மாவுக்குத் தையல். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். கல்லூரிக்கு வந்த புதிதில் அவளும் பக்கத்துத் தெரு சர்ச்சுக்கு மூன்று ஞாயிறு போனாள். கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். ஆராதனை முடிந்ததும் எல்லாரும் அவரவர் ஆட்களோடு கும்பல் கும்பலாக நின்று பேசினார்கள். அவள் குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். நாலாவது ஞாயிறு போகவில்லை. போகவில்லை என்பது அவளைத் தவிர ஒருவருக்கும் தெரியவில்லை.

விடுதியின் துணி துவைக்கும் அறையில்தான் நீல ஸ்கார்ஃப் கட்டிய ஓர் அக்காவைப் பார்த்தாள். "இந்த மெஷின் கடைசியில ஒரு குதி குதிக்கும். பயந்துடாத" என்று அந்த அக்கா சிரித்தாள். அடுத்த வாரம் பார்த்தபோது, "அப்பாவுக்கு முதுகுவலின்னியே, இப்ப எப்படி இருக்காரு?" என்று கேட்டாள். மெழுகு துணியை மெஷினில் போட மறந்து கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். தான் சொன்னது ஒன்றை ஒருவர் ஏழு நாள் மனதில் வைத்திருந்திருக்கிறார். அன்று மாலையே அக்காவோடு போனாள்.

விளக்குக் கடை ஒன்றின் மாடியில் இருந்தது அந்த வீடு. கடைக்கும் படிக்கட்டுக்கும் நடுவில் கண்ணாடிச் சுவர். நூறு விளக்குகளின் வெளிச்சம் அதன் வழியே படிகளில் தேனாய் வழியும். ஏறும்போது கால் தரையில் பாவாதது போல இருக்கும். மேலே வெள்ளைத் திரைகள், வெள்ளை மெத்தைகள், ஜன்னல் எங்கேயோ திறந்திருப்பது போன்ற ஒரு மெல்லிய அசைவு. இருபது மாணவர்கள் இருந்தார்கள். எல்லாருக்கும் அவள் பெயர் தெரிந்திருந்தது.

விடிகிற நேரத்தில் அங்கே கூடுவார்கள். முதலில் பைபிள் வாசிப்பு. சின்ன வயதிலிருந்து அவள் கேட்ட அதே வசனங்கள்தான். பிறகு புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, ஒவ்வொருவரும் முந்தின இரவு கண்ட கனவைச் சொல்ல வேண்டும். அண்ணன் என்று அவர்கள் அழைத்தவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு அதன் பொருளைச் சொல்வார். முன்பு தண்ணீர் வடிகட்டி விற்றவர் என்றார்கள். குரல் அவ்வளவு மெல்லியது. அவர் பேசும்போது இருபது தலைகளும் தானாக முன்னால் சாயும்.

"பழைய காலத்துல தீர்க்கதரிசிகளோட பேசினவரு இப்ப ஏன் பேசாம இருக்கணும்?" என்பார். "உங்க சர்ச்சுங்க தூங்கிட்டு இருக்கு. நீங்க தூக்கத்துலயும் முழிச்சிருக்கீங்க."

மெழுகுக்கு அதில் ஒரு சங்கடம். அவளுக்குக் கனவே வராது. படுத்தால் கல், எழுந்தால் காலை. "ஒண்ணும் இல்லண்ணா" என்று நாள்தோறும் சொல்லக் கூசியது. அண்ணன் கோபப்பட மாட்டார். "உள்ள ஏதோ பூட்டி இருக்கு. சாவி வீட்டுல இருக்கோ என்னமோ" என்று பெருமூச்சு விடுவார். அதற்குப் பிறகு அப்பாவின் போன் வந்தால் எடுக்க அவளுக்கு மனம் வருவதில்லை. எடுத்தாலும் இரண்டு வார்த்தையில் வைத்துவிடுவாள்.

கல்லூரி ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்காக ஒரு போதகர் இருந்தார். இளவயது. வருடம் முழுக்க ஜலதோஷம். மாணவர்களுக்காக அவர் நடத்தும் கூட்டத்துக்கு நாலு பேர் போவார்கள், அதில் ஒருவர் பிஸ்கட்டுக்காக. கேன்டீன் சுவரில் அவர் ஒரு தாள் ஒட்டியிருந்தார். 'உங்களைத் தேடி வரும் புதிய குழுக்கள்: கவனிக்க வேண்டிய பத்து அடையாளங்கள்' என்று தலைப்பு. யாரோ அதன் ஓரத்தில் மீசை வரைந்திருந்தார்கள். டீக்கு நிற்கும்போது மெழுகு அதைப் படித்தாள். 'குடும்பத்திடமிருந்து உங்களைப் பிரிக்கிறார்களா?' நம்ம இடம் அப்படி இல்லை என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் அதற்கப்புறம் டீ வாங்க வேறு வாசலில் போனாள்.

அவளுடைய அறைத்தோழிக்கு ரேடியோ என்று பெயர். காலையில் கண் விழித்த நொடியிலிருந்து வாய் ஓயாது. பல் தேய்க்கும்போதும் பேசுவாள். அவளை அந்த வீட்டுக்குக் கூட்டிப் போனது மெழுகுதான். வாழ்க்கையில் முதல்தடவையாக மற்றவருக்குக் கொடுக்கத் தன்னிடம் ஒன்று இருக்கிறது என்ற பெருமை அவளுக்கு. ரேடியோவுக்குக் கனவுகள் கொட்டின. கூரை மேல் குதிரை, ஒளி விடும் மீன், முடிவே இல்லாத ஏணி. அண்ணன் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்தார். இரண்டு மாதத்தில் ரேடியோவின் பேச்சு குறைந்தது. சாப்பாடு குறைந்தது. வகுப்பில் உட்கார்ந்தபடியே எங்கேயோ போய்விடுவாள். கூப்பிட்டால், தண்ணீருக்கு அடியிலிருந்து எழுவது போல மெதுவாகத் திரும்புவாள்.

ஒரு புதன்கிழமை விடியலில் படியேறும்போது மெழுகு ஒரு கனவை உண்டாக்கினாள். ஒன்றும் பெரிய சதி இல்லை. இன்னொரு தடவை 'ஒண்ணும் இல்ல' என்று சொல்ல மனசு கேட்கவில்லை, அவ்வளவுதான். லேபில் குழாய் உடைந்து தரையெல்லாம் தண்ணீர் நின்றது நினைவுக்கு வந்தது. அதை எடுத்துக்கொண்டாள். மற்றதை மெழுகு செதுக்குவது போலச் செதுக்கினாள்.

"ஒரு பெரிய கூடம் அண்ணா. கணுக்கால் அளவு தண்ணி. அதுல ஒரு நாற்காலி மிதக்குது. அந்தப் பக்கம் ஒரு அம்மா நின்னு கூப்பிடுறாங்க. முகம் மட்டும் அழிஞ்சிருக்கு."

அண்ணன் வெகுநேரம் கண்ணை மூடியிருந்தார். திறந்தபோது அவர் பார்த்தது மெழுகை அல்ல, ரேடியோவை.

"வெள்ளிக்கிழமை ஊருக்குப் போறேன்னியே தங்கச்சி."

ரேடியோவின் அம்மா பஸ் கண்டக்டர். அப்பா இல்லை. அம்மாவுக்கு ஒரு கண்ணில் விழித்திரை ஆபரேஷன். பக்கத்தில் இருக்க ரேடியோ பத்து நாள் லீவு சொல்லியிருந்தாள்.

"இது உனக்கு வந்த கனவு. இவ வெறும் தபால்காரி" என்றார் அண்ணன். "கூப்பிடுறது ரத்த பாசம். தண்ணியில இறங்காதேன்னு சொல்லுது. இறங்கினா திரும்ப மாட்டே."

ரேடியோ அழுதாள். அழுதுகொண்டே தலையாட்டினாள்.

மெழுகு உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள், மூடினாள். இரண்டு நாள் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. செதுக்கிய கோரைப்பல் நுனி ஒடிந்து விழுந்தது. வெள்ளிக்கிழமை பஸ் போகும் நேரத்தில் ரேடியோ கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"நான் அதை இட்டுக்கட்டினேன்டி" என்றாள் மெழுகு. "எனக்குக் கனவே வந்ததில்ல. படியில ஏறும்போது யோசிச்சது. நீ ஊருக்குப் போ."

ரேடியோ திரும்பிப் புன்னகைத்தாள். அந்தப் புன்னகைதான் மெழுகை நடுங்க வைத்தது. "நீ சொன்னப்ப அது உன் குரலே இல்ல தெரியுமா? உனக்கே தெரியாம வந்திருக்கு."

மறுநாள் மாடி வீட்டில் மெழுகு எல்லார் முன்னாலும் எழுந்து நின்று சொன்னாள். நாக்கு ஒட்டிக்கொண்டது, ஆனாலும் முழுதாகச் சொன்னாள். அண்ணன் பரிவோடு கேட்டார். "பொய்ய உன் வாயில வச்சதும் அவருதான். இப்ப சந்தேகத்த வச்சது வேற ஒருத்தன்" என்றார். பிறகு மற்றவர்களைப் பார்த்து, "ஒரு வாரம் தங்கச்சிய அமைதியா விடுங்க" என்றார். அத்தனை முகங்களும் ஒரே சமயத்தில் அவளிடமிருந்து திரும்பின. நீல ஸ்கார்ஃப் அக்கா ஜன்னல் திரையைச் சரி செய்யப் போய்விட்டாள்.

தான் கண்ணாடியாகிவிட்டது போல மெழுகு படியிறங்கினாள். எப்படி நடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. தெருக்கள் பஞ்சு மாதிரி நகர்ந்தன. எக்ஸ்ரே அறைக்குப் பக்கத்திலிருந்த போதகரின் சின்ன அறை முன்னால் போய் நின்றபோதுதான் நினைவு வந்தது.

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். 'நான்தான் தாள் ஒட்டினேனே' என்று சொல்லவில்லை.

"பக்கத்துத் தெரு சர்ச்சுக்கு நீ வந்திருக்கியாம்மா?"

"மூணு வாரம் வந்தேன் ஐயா."

"நானும் அங்கதான் வருவேன். உன்னைப் பார்த்த ஞாபகமே இல்ல." அவர் மேசையைப் பார்த்தபடி சொன்னார். "பத்து அடையாளம் எழுதத் தெரிஞ்சது. பேர் என்னன்னு கேக்கத் தெரியல. தப்பு எங்க மேலயும் இருக்கு." பிறகு நிமிர்ந்து, "அந்தப் பொண்ணோட அம்மாவுக்கு யாராவது போன் பண்ணீங்களா?" என்று கேட்டார்.

யாரும் செய்யவில்லை. அந்த அம்மாவின் எண் மெழுகிடம் இல்லை; கல்லூரி அலுவலகத்திலிருந்து அது கிடைப்பதற்குள் ஆபரேஷன் திங்கட்கிழமை நடந்து முடிந்திருந்தது. கூட வேலை பார்க்கும் டிரைவர் ஒருவர்தான் துணைக்கு இருந்தார். புதன்கிழமை போதகரின் அறையிலிருந்து மெழுகு பேசினாள். எல்லாவற்றையும் அந்த அம்மா கேட்டாள். பிறகு, "எந்த ஸ்டாப்புல இறங்கணும்?" என்றாள்.

வெள்ளிக்கிழமை பகல் அவள் வந்தாள். விழித்திரையை அழுத்திப் பிடிக்கக் கண்ணுக்குள் வைத்த வாயு நழுவாமலிருக்க ஒரு வாரம் தலையைக் குனிந்தே இருக்கச் சொல்லியிருந்தார்கள். ஐந்து மணி நேரம் பஸ்ஸில் மடியைப் பார்த்தபடியே வந்திருந்தாள். ஒரு கண்ணில் பிளாஸ்டிக் மூடி. மெழுகு ஒரு கையையும் போதகர் ஒரு கையையும் பிடிக்க, தரையை மட்டும் பார்த்து நடந்தாள்.

"பயப்படாதே கண்ணு" என்றாள் மெழுகிடம். "பத்தொம்பது வருஷமா கூட்டத்துல கீழ பாத்தே டிக்கெட் கிழிச்சிருக்கேன். கால பாத்தே ஆள் சொல்லுவேன்."

விளக்குக் கடைக்காரர் ஒரு ஸ்டூல் போட்டார். பகல் வெளிச்சத்திலும் நூறு விளக்குகள் எரிந்தன. அந்த அம்மா அவற்றின் நடுவில் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தாள். அந்த வாரம் முழுக்க ரேடியோ வகுப்புக்கு வராமல் மாடியிலேயே இருந்தாள். மெழுகு தனியாக மேலே ஏறினாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. திரைகள் அசைந்தன.

"ரேடியோ, உங்க அம்மா கீழ இருக்காங்க" என்றாள். "இது கனவு இல்ல. வந்து பாரு."

முதலில் இறங்கி வந்தது அண்ணன். ஸ்டூலுக்கு முன்னால் நின்று, தன் மெல்லிய குரலில் ஏதோ சொன்னார்.

"யாருப்பா, பளபளன்னு ஷூ? சத்தமாப் பேசு தம்பி. பஸ் சத்தத்துல எனக்குக் காது மந்தம்."

அவர் கொஞ்சம் உயர்த்திச் சொன்னார். "இன்னும்" என்றாள். மூன்றாவது தடவை அவர் கத்த வேண்டியிருந்தது. "உங்க மகளுக்கு மேலான ஒரு அழைப்பு இருக்கு" என்ற வார்த்தைகள் தெருவில் போகிறவர்களுக்கும் கேட்டன. கத்திச் சொன்னபோது அது வடிகட்டி விற்பவரின் குரலாகவே இருந்தது. எதிர்க் கடையில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். அண்ணன் சட்டைக் கையைச் சரி செய்துகொண்டார்.

அப்போது படியில் வெறுங்கால்கள் இறங்கி வந்து நின்றன. அந்த அம்மா அவற்றையே பார்த்தாள்.

"என்னடி கால் இப்படி வத்திப் போச்சு?"

ரேடியோவுக்கு அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் தரையில்தான் உட்கார வேண்டும். உட்கார்ந்தாள். அது போதவில்லை. அப்படியே சாய்ந்து கடையின் தரையில் மல்லாந்து படுத்து, ஸ்டூலுக்குக் கீழிருந்து மேலே பார்த்தாள். வீங்கிய முகமும், பிளாஸ்டிக் மூடியும், கலைந்த தலையும், சுற்றிலும் விளக்குகளும் தெரிந்திருக்கும்.

"வலிக்குதாம்மா?"

"நீ வந்து மருந்து ஊத்தினா வலிக்காது. அந்த டிரைவர் மூக்குல ஊத்துறான்."

ரேடியோவின் வாயிலிருந்து சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. "ரெண்டு நாள் போயிட்டு வரேன்" என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னாள். அண்ணன் பதில் சொல்வதற்குள் போதகர் தும்மினார்.

இரண்டு நாள் ஏழு வாரமானது. முதல் வாரத்தில், இரண்டு தடவை மாடி வீட்டுக்கே திரும்பக் கிளம்பினாளாம். அம்மா தடுக்கவில்லை, "மருந்து ஊத்திட்டுப் போ" என்றாளாம். மெழுகு அப்பாவுக்குப் போன் செய்து ஒன்று விடாமல் சொன்னாள். அவர் திட்டவில்லை. வேலையை ஒருவர் தலையில் கட்டிவிட்டு அடுத்த பஸ் பிடித்து வந்து, ஒரு நாள் முழுக்க அவளோடு ஊர் சுற்றிவிட்டுப் போனார். மாடி வீட்டுக்காரர்கள் மழைக்காலத்தில் வேறு தெருவுக்கு மாறிவிட்டதாகக் கேள்வி. நீல ஸ்கார்ஃப் அக்காவை இன்னொரு விடுதி வாசலில் பார்த்ததாக ஒருத்தி சொன்னாள். அன்றே போதகரும் மெழுகும் அந்த விடுதிக்குப் போய் வார்டனிடம் பேசினார்கள். அவர் பாதி நம்பினார்.

ரேடியோ திரும்பி வந்து வேறு அறை கேட்டு வாங்கிக்கொண்டாள். மெழுகிடம் பேசவில்லை. கூட்டிப் போனதும் அவள்தான், பிடுங்கி எடுத்ததும் அவள்தான் என்ற கோபம். எந்தக் கோபம் பெரியது என்று ரேடியோவுக்கே தெரிந்திருக்காது. மெழுகும் விளக்கம் சொல்லப் போகவில்லை.

மூன்றாம் வருடம் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கிய நாளில், இருவருக்கும் ஒரே சிகிச்சை அறை விழுந்தது. காலை முழுக்க ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை. மதியம் நடைபாதை பெஞ்சில் மெழுகு தனியாக உட்கார்ந்திருந்தபோது, ரேடியோ வந்து கொஞ்சம் தள்ளி நின்றாள்.

"உன் மேல கோவம் போகல" என்றாள்.

"தெரியும்."

"எப்ப போகும்னும் தெரியல."

"சரி."

"தள்ளி உக்காரு. கால் வலிக்குது."

மெழுகு தள்ளி உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே மழை சத்தமில்லாமல் பெய்துகொண்டிருந்தது. ரேடியோ காலையில் வந்த ஒரு கிழவரின் பல்செட்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். பாதியில், உள்ளே அடுத்த நோயாளியின் எண்ணைக் கூப்பிட்டார்கள். இருவரும் எழுந்தார்கள்.