ஆறாவது தோள்

றெஜினோல்ட் குசினி மேசையில் ஒரு பழைய கடித உறையைத் திருப்பிப்போட்டு, பெட்டி தூக்குகிறவர்களின் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தான். ஐந்து பேர் ஆகிவிட்டது.

"ஆறாவதா கட்பேர்ட்டைப் போடு," என்றாள் பியற்றிஸ்.

"அந்தக் கறுவலையோ மச்சாள்? அண்ணையைக் கூட்டிக்கொண்டுபோய்ச் சாக்காட்டினவன் அவன். வாசல்ல நிக்கவிட்டதே பெரிசு."

முன்னறையில் அவளுடைய கணவன் கிறிஸ்துராஜா திறந்த பெட்டிக்குள் கிடந்தான். வெளிநாட்டில் இறந்தவனின் உடல் விமானத்தில் வந்துசேரப் பதினொரு நாள் எடுத்திருந்தது. சுற்றியிருந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். யன்னல் கண்ணாடி வழியே பார்த்தால் வெளியே மதிலோரம் கட்பேர்ட் தெரிந்தான். காலை ஏழு மணிக்கு வந்தவன். லண்டன் தோர்ண்டன் ஹீத்தின் தமிழ்ச் சனம் முழுக்க அந்த வீட்டுக்குள் இருந்தது. ஒருவரும் அவனை உள்ளே வா என்று சொல்லவில்லை.

பதினேழு வருசம் ஒரே பஸ்ஸில் அவன் சாரதி, கிறிஸ்துராஜா கொண்டக்டர். ஓய்வு பெற்றதும், தான் பிறந்த கரீபியன் தீவைப் பார்க்க வாருங்கள் என்று கிறிஸ்துராஜாவையும் பியற்றிஸையும் கூட்டிப்போனான்.

தேத்தண்ணிக் கோப்பைகளோடு குசினிக்குள் வந்த அயல்வீட்டு இம்மாகுலேற், பியற்றிஸின் முதுகைத் தடவினாள். "அழாதையுங்கோ அக்கா. மலை உச்சியில கடலைப் பாத்துக்கொண்டு போன சீவன். கொடுத்துவைச்ச சாவு."

பியற்றிஸ் அழவில்லை. இந்தக் கதையைக் காலையிலிருந்து எட்டுப் பேர் சொல்லிவிட்டார்கள்.

"உச்சியில இல்லை," என்றாள். "பாதிப்படியில."

செயின்ற் கிற்ஸில் வெள்ளைக்காரன் மலைக்கு மேல் கட்டிவைத்த கோட்டை அது. பீரங்கிகள் இன்னும் கடலைப் பார்த்தபடி நிற்கின்றன. வான் வண்டி ஓரளவு உயரத்துக்குத்தான் போகும். பிறகு செங்குத்தான படிகள். உச்சி வெயில். இங்கிருந்தே வடிவாகத் தெரிகிறது, ஏறவேண்டாம் என்று கட்பேர்ட்தான் மறித்தான். கிறிஸ்துராஜா கேட்கவில்லை.

"உன்ர ஆக்களை அடிமையாக்கிக் கல்லுச் சுமக்கவைச்ச மலை. நான் வெறுங்கையோட ஏறமாட்டனோ?"

பியற்றிஸுக்குக் கால் வீங்கியிருந்தது. வந்த நாளிலிருந்து அவனுக்கு இதே பிடிவாதம். கட்பேர்ட்டுக்கு விளங்காதென்று தமிழில் வெடித்தாள். கிறிஸ்துராஜா சிரித்துவிட்டு ஏறத் தொடங்கினான்.

பாதியில் அவன் குந்தியதைக் கீழேயிருந்து கண்டாள். களைப்பாறுகிறார், நல்லாய் வேணும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். படம் பிடிக்க வந்தவர்கள் அவனைச் சுற்றிக்கொண்டு ஏறினார்கள். ஒருத்தி அவனுடைய நீட்டிய காலைக் கடந்து போனாள். கட்பேர்ட்தான் ஓடினான். அறுபத்தாறு வயதில் அவனை முதுகில் போட்டுக்கொண்டு இறங்கினான்.

ஆஸ்பத்திரியில், சட்டைப்பையில் இருந்ததென்று தாதி ஒரு சின்னப் போத்தலைக் கொடுத்தாள். நாக்குக்குக் கீழே வைக்கிற இருதயக் குளிசை. ஏழு மாதத்துக்கு முந்தைய தேதி. ஏழு மாதமும் அவளுக்குப் பக்கத்தில்தான் படுத்தான். ஒரு சொல் சொல்லவில்லை. அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

அன்று றெஜினோல்ட்டுக்குப் போன் எடுத்த கட்பேர்ட், "நான்தான் மேலே கூட்டிப்போனேன்," என்று ஆங்கிலத்தில் சொன்னான். பக்கத்தில் நின்ற பியற்றிஸ் வாய் திறக்கவில்லை. பதினொரு நாளாகத் திறக்கவில்லை.

"என்ர பெரிய மகன்ர மாமனாரைப் போடுவம்," என்று றெஜினோல்ட் எழுதக் குனிந்தான். "அந்தக் கொலைகாரன் தொடப்படாது."

"கொலைகாரனோ?" அவளுடைய குரல் முன்னறைக்கும் கேட்டது. "அவன் வேண்டாம் எண்டு மறிச்சவன். உன்ர அண்ணைதான் கேக்கேல்லை. நெஞ்சுவருத்தத்தை எனக்கும் ஒளிச்சுப்போட்டு ஏறினவர். நான் என்ன சொன்னனான் தெரியுமோ? 'போங்கோ, போய்ச் சாவுங்கோ' எண்டு சொன்னனான். அதுதான் அவர் கடைசியாக் கேட்டது. பழி போடோணும் எண்டால் எனக்குப் போடு!"

செபமாலை நின்றது. இம்மாகுலேற் கோப்பைகளை மேசையில் வைத்தாள்.

பியற்றிஸ் றெஜினோல்ட்டின் கையிலிருந்த பேனையைப் பறித்து, ஆறாவது பெயரை எழுதினாள். அழுத்தியதில் உறை கிழிந்தது.

பிறகு வாசலுக்குப் போய்க் கதவை அகலத் திறந்தாள். "கட்பேர்ட், உள்ள வா." ஆங்கிலம் அந்த நேரம் வாயில் வரவில்லை. அவன் வந்தான்.

பத்து மணிக்குப் பெட்டியை மூடித் தோளில் ஏற்றினார்கள். கட்பேர்ட்டுக்குச் சோடியாக மறுபக்கம் நின்றவன் றெஜினோல்ட். கட்பேர்ட் அவனிலும் ஒரு தலை உயரம்; பெட்டி றெஜினோல்ட்டின் பக்கம் சரிந்தது. ஆளை மாற்றுவோமா என்று சவ அடக்கக் கொம்பனியின் கறுப்புக் கோட்டுக்காரன் கேட்டான்.

கட்பேர்ட் முழங்காலை மடித்தான். பெட்டி சமநிலைக்கு வந்தது. வாசற்படி இறங்கி, மதிலைக் கடந்து, வீதியில் நின்ற கார் வரைக்கும் அப்படியே மடித்த காலோடு நடந்துபோனான்.