குழிக்கு உப்பு

"ஏத்தா கற்பகம், குழிக்கு உப்பு வேணும். சாமான் வாங்கப் போன பய மாலை, கோடித்துணி, ஊதுபத்தி அம்புட்டும் வாங்கிட்டு உப்ப மறந்துட்டான். தெருக் கடையும் அடைச்சுக் கெடக்கு. வீட்டுல இருக்கறத எடுத்துக் குடு" என்று சங்கிலிமுத்து சித்தப்பா வாசலில் நின்று மஞ்சள் பையை நீட்டினார்.

கற்பகவல்லி பையை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். வெளியே பந்தலில் அவளைப் பெற்ற அய்யா பெத்தணனைக் குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். நாரணாபுரத்தில் அவர்கள் ஆட்களுக்குப் புதைக்கிற வழக்கம். உடம்பைக் குழியில் இறக்கியதும் சுற்றிலும் உப்பைக் கொட்டிவிட்டுத்தான் மண்ணைத் தள்ளுவார்கள்.

சாவு வீடு என்றால் ஆளுக்கு ஆள் டாக்டர் ஆகிவிடுவார்கள். "ரெண்டு வருசமா அந்த மனுசனுக்கு உப்பு புளி கண்ணுல காட்டல. நாக்கு செத்துத்தான் போய்ச் சேந்தாரு" என்று பக்கத்து வீட்டுச் சோலையம்மாள் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். கற்பகத்தின் காதில் விழட்டும் என்றுதான் சொன்னாள்.

அதில் பாதி உண்மைதான். பட்டாசுக் கம்பெனியில் முப்பது வருஷம், மத்தியானச் சோற்றுக்கு ஒரு பாக்கெட் ஊறுகாய், ஒரு பாக்கெட் சிப்ஸ் என்று ஓட்டியவர் அய்யா. ரத்தக் கொதிப்பு இருப்பதே தெரியாமல் இரண்டு சிறுநீரகமும் கெட்டு, வாரத்துக்கு இரண்டு தடவை விருதுநகருக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்கிற நிலைமை வந்தது. அன்றைக்கே கற்பகம் சமையலைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். அப்பளம், மிக்சர், காராச்சேவு, மசாலாப் பொடி, நூடுல்ஸ் எல்லாம் ஒரே நாளில் குப்பைக்குப் போயின. வாழைப்பழமும் இளநீரும் ஆகாது என்றார்கள், அதுவும் நின்றது. அய்யா சண்டை போட்டுப் பார்த்தார், தட்டைத் தள்ளிவிட்டுப் பார்த்தார். அதற்கெல்லாம் அவள் அசையவில்லை. ஒருநாள், "மண்ணத் திங்கிற மாதிரி இருக்கு தாயி" என்று கண் கலங்கினார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அதற்கப்புறம் வந்ததுதான் அந்த உப்பு. சோடியம் குறைந்த உப்பு, கொதிப்புக்காரர்களுக்கு நல்லது என்று செல்போனில் யாரோ விளக்கினார்கள். சிவகாசிக் கடைகளில் விசாரித்து நாலு பொட்டலம் வாங்கி வந்தாள். அன்றைக்கு அய்யா இரண்டாந்தரம் சோறு கேட்டார். "இப்பத்தான் தாயி சோறு சோறா இருக்கு. நீ நல்லாருப்ப" என்றார். மூன்று வாரம் வீட்டில் சண்டையே இல்லை. அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

நேற்றுக் காலையில் நெஞ்சு படபடவென்று வருகிறது என்று உட்கார்ந்தார். தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டாக்டரம்மா ரத்தச் சோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, "பொட்டாசியம் இவ்வளவு ஏறியிருக்கே. இளநி குடிச்சாரா? பழம் ஏதாவது?" என்று கேட்டார். "இல்ல டாக்டர். எல்லாம் நாந்தான் அளந்து குடுக்கேன்" என்று கற்பகம் நிமிர்ந்து நின்று சொன்னாள். மத்தியானத்துக்குள் இதயம் நின்றுவிட்டது.

அலமாரியில் மூன்று பொட்டலம் உடைக்காமல் இருந்தது. ஒன்றைக் கையில் எடுத்தாள். அவளுக்குச் சிவகாசி அச்சாபீசில் செக்கிங் வேலை. மசாலாப் பெட்டிகளின் அட்டை நாளைக்கு ஆயிரக்கணக்கில் அவள் கையைத் தாண்டிப் போகும். எழுத்து உடைந்திருக்கிறதா, கலர் தள்ளியிருக்கிறதா என்று பார்ப்பாள். என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பது அவள் வேலையில்லை. அந்தப் பழக்கத்தில் பொட்டலத்தைத் திருப்பினாள். எழுத்து எங்கும் உடையவில்லை. டாக்டரம்மா சொன்ன வார்த்தை அதில் இருந்தது. பொட்டாசியம் குளோரைடு. அதற்குக் கீழே கடுகளவு எழுத்தில், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது என்று போட்டிருந்தது.

சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டாள்.

அம்மா ராமுத்தாய் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். அழுது அழுது குரல் கட்டியிருந்தது.

"ஒன்ட்ட ஒண்ணு சொல்லணும். நீ வேலைக்குப் போனப்புறம் ஒங்கய்யா கெஞ்சுவாக. சோலையம்மாட்ட ஊறுகா வாங்கி ஒரு விரல்ல தொட்டு நாக்குல வைப்பேன். முந்தாநேத்துக்கூட வச்சேன். டாக்டரம்மா என்ன குடுத்தீகன்னு கேக்கையில எனக்கு வாயே வரல. நாந்தான் கொன்னுட்டேனா, கற்பகம்?"

பேசாமல் நின்றால் போதும். ஊறுகாய் என்றால் ஊரே நம்பிவிடும். அந்த நினைப்பு ஒரு நொடிதான் வந்தது. அந்த ஒரு நொடிக்காகக் கற்பகம் ஆயுசுக்கும் வெட்கப்படுவாள்.

"ஊறுகாயால இல்லம்மா. இந்த உப்பாலதான். நான் வாங்கியாந்த உப்பு" என்றாள். பொட்டலத்தின் பின்பக்கத்தை வாசித்தாள். பாதியில் நிறுத்தினாள். மறுபடி முதலிலிருந்து வாசித்து முடித்தாள்.

"எங்க போட்டுருக்கு?"

காட்டினாள். எழுத்துப் படிக்கத் தெரியாத ராமுத்தாய் அந்த இடத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேரமாகுது மதினி" என்று வெளியிலிருந்து சங்கிலிமுத்துவின் குரல் வந்தது.

ராமுத்தாய் மகளின் கையிலிருந்ததை வாங்கிப் பல்லால் கடித்துக் கிழித்தாள். உப்பை மஞ்சள் பைக்குள் கொட்டினாள். மற்ற இரண்டையும் அப்படியே செய்தாள். அடுப்போரம் இருந்த உப்பு டப்பாவையும் கவிழ்த்துத் தட்டினாள். காலிக் கவர்களை மடித்து இடுப்பில் செருகிச் சேலையை இழுத்து மூடிக்கொண்டாள். பிறகு கதவைத் திறந்து பையை நீட்டினாள்.

சங்கிலிமுத்து பைக்குள் கைவிட்டுப் பார்த்தார். "பொடி உப்பால்ல இருக்கு மதினி? கல்லுப்புல்ல போடுவாக."

"இதத்தான் சாப்பிட்டாக. இதையே போடுங்க தம்பி. மிச்சம் வைக்காதீக."

அவர் போனதும் ராமுத்தாய் திரும்பி மகளைப் பார்த்தாள்.

"யாரும் கேட்டா ஊறுகான்னே இருக்கட்டும்."

"அம்மா..."

"நீ வாழ வேண்டிய பிள்ள. மொகத்தத் தொட. வாய்க்கரிசி போடக் கூப்பிடுதாக."

பந்தலில் பெண்கள் எழுந்து வழிவிட்டார்கள். சோலையம்மாள் ஓடிவந்து ராமுத்தாயைக் கட்டிப்பிடித்து ஒப்பாரியைத் தொடங்கினாள். ராமுத்தாய் அவளை மெல்ல விலக்கிவிட்டு, மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவள் எட்டு வைக்கும்போதெல்லாம் இடுப்பில் அந்தக் கவர்கள் சரசரத்தன.