உல்லே ஆல் இல்லை

சரக்குக் கிடங்கில் சாப்பாட்டு மணி அடித்ததும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஆளுக்கொரு பெட்டியை இழுத்துப் போட்டு உட்காருவார்கள். வியாழக்கிழமைகளில் மட்டும் வாய்க்குள் போவது என்னவென்று யாருக்கும் தெரியாது. முந்தின நாள்தான் ‘பூட்டிய ஆலை’ தொடரின் புதுப் பகுதி வந்திருக்கும். ஆலையை இழுத்து மூடிய நாளில் உள்ளே போன மேனேஜர் வெளியே வரவில்லை. அவர் என்ன ஆனார் என்பதுதான் கதை. ஒன்பது பகுதி ஓடியும் பிடி கொடுக்கவில்லை. அதனால் பார்க்கிறவர்கள் ஆளாளுக்கு ஒரு முடிவைக் கட்டினார்கள். அப்படிக் கட்டுகிறவர்களுக்கென்றே போனில் ஒரு குழு இருந்தது. அதில் நாற்பதாயிரம் பேர்.

கிடங்குக்கும் குழுவுக்கும் நடுவில் தூது போகிறவன் சோடாபுட்டி. கண்ணாடி அவ்வளவு தடிமன். போன் மூக்கில் முட்டுகிற மாதிரி பிடித்துக்கொண்டுதான் படிப்பான்.

“இந்த வாரம் வசமா மாட்டிக்கிட்டாங்கய்யா. மேனேஜர் மக ஓடுற சீன்ல பின்னாடி தரையில ஒரு இரும்பு மூடி வருது. மூணே செகண்டு. யாரோ புண்ணியவான் அதை நிறுத்தி, வெளிச்சம் கூட்டி, பெருசாக்கிப் போட்டிருக்கான். மேல சிவப்புல எழுத்து இருக்கு. எங்க நம்ம வாத்தியாரு? வாத்தியாரே, நீ படி.”

வாத்தியார் என்றால் பாடம் நடத்துகிறவர் இல்லை. பெட்டி இறக்குகிறவர்தான். தலை நரைக்கிற வயதில் எழுத்துக் கற்றுக்கொண்டு, கற்ற புதிதில் பஸ் போகிற வழியெல்லாம் கடைப் பலகைகளை வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தவர். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பேர் இன்னும் உரியவில்லை.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார். படம் புழுதி நிறத்தில் இருந்தது. வட்ட மூடி, சுற்றிலும் போல்ட்டு, நடுவில் சாய்ந்து சாய்ந்து மூன்று சொல்.

“உல்லே ஆல் இல்லை.”

படித்து முடித்ததும் போனை அவசரமாகத் திருப்பி நீட்டினார்.

“பாத்தியா?” என்றான் சோடாபுட்டி. “ஆளுக்கு ‘ள்’ வரணும். ‘ல்’ போட்டிருக்கான். ஏன் போட்டான்? அங்கதான் இருக்கு சூட்சுமம்.”

“எழுதுனவனுக்கு எழுத்து வரலை, அவ்ளோதான்,” என்றான் வண்டி டிரைவர், வாயில் சோற்றோடு.

“போய்யா. ஒரு காபி டம்ளர் எந்தப் பக்கம் திரும்பியிருக்கணும்னு யோசிக்கிற டைரக்டர், எழுத்தை மட்டும் கோட்டை விடுவாரா? ஆல்னா ஆலமரம்னு ஒரு கோஷ்டி சொல்லுது. இன்னொரு கோஷ்டி, ஆலைன்னு எழுத வந்தவன் பாதியில செத்துட்டான்ங்குது. நான் சொல்லட்டுமா? ஆல்னா இங்கிலீஷ்ல என்ன? எல்லாரும். எல்லாரும் வெளிய வரலை. ஒருத்தன் மிச்சம். உள்ளயே இருக்கான்.”

எல்லோரும் ஒரு கணம் கையை நிறுத்தினார்கள். பிறகு டிரைவர், “உனக்குக் கண்ணுதான் போச்சுன்னு நினைச்சேன்,” என்றான். சிரிப்பு வெடித்தது.

வாத்தியார் சிரிக்கவில்லை. சோடாபுட்டி உட்கார்ந்திருந்த பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் அவரே அதன் பக்கவாட்டில் மையால் எழுதியிருந்தார்: ‘கவனம். கண்ணாடி உல்லே.’ எழுத்துகள் அதே சாய்வில் சாய்ந்திருந்தன. மணி அடித்து எல்லோரும் எழுந்ததும் அந்தப் பெட்டியை எழுத்து சுவரைப் பார்க்கிற மாதிரி திருப்பி வைத்தார். பிறகு அடுத்ததை. அப்படி முப்பது பெட்டி.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் காகித ஆலையில் தொட்டி கழுவும் கூட்டத்துக்கு மேஸ்திரி. தரைக்கடியில் கூழ்த் தொட்டிகள் இருந்தன. ஏணி போட்டு இறங்கி, ஒட்டிக் காய்ந்த கூழைச் சுரண்டி எடுக்க வேண்டும். முடிந்ததும் ஆட்கள் ஏறி வருவார்கள். மேஸ்திரி தலையை உள்ளே விட்டு, டார்ச் அடித்து நாலு மூலையும் பார்க்க வேண்டும். பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அப்புறம்தான் மூடியைப் போட்டு, பன்னிரண்டு போல்ட்டையும் முறுக்கி, மேலே சிவப்புப் பெயின்டால் ‘உள்ளே ஆள் இல்லை’ என்று எழுதலாம். எழுதத் தெரியாதவனுக்கு மேஸ்திரி வேலை கிடையாது. அதற்காகவே இந்த மூன்று சொல்லைப் படம் வரைகிற மாதிரி பழகினார். ‘ள்’ மட்டும் கைக்கு வளையவில்லை. கேட்பாரும் இல்லை. மூடியில் சிவப்பாக ஏதாவது இருந்தால் எல்லோருக்கும் போதும்.

அவருடைய மச்சானும், அதாவது மனைவியின் தம்பியும், அதே கூட்டத்தில் வேலை பார்த்தான். சோம்பேறி. சாப்பிட்டதும் காய்ந்த தொட்டிக்குள் இறங்கி, சட்டையைச் சுருட்டித் தலைக்கு வைத்துக் குளிர்ச்சியாக ஒரு தூக்கம் போடுவான்.

ஆலையை மூடிய அன்று காலையில் அவனுக்கும் அவன் அக்காவுக்கும் பெரிய சண்டை. “இனிமே உன் வீட்டுப் படி ஏறமாட்டேன்,” என்று கத்திவிட்டுத்தான் வேலைக்கு வந்தான். மத்தியானமே மின்சாரத்தைத் துண்டித்துவிட்டார்கள். ஆட்களை ஏற்றிப்போக வந்த பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. டார்ச்சில் உயிர் இல்லை. “எல்லாரும் ஏறியாச்சுய்யா, மூடு!” என்று யாரோ கத்தினார்கள். மேஸ்திரி மூடினார். முறுக்கினார். எழுதினார். தலையை உள்ளே விடவில்லை.

பெயின்ட் டப்பாவை எடுக்கக் குனிந்தபோது தொட்டி ஓரத்தில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடந்தது. நீல வார். ஒன்றில் அறுந்த இடத்தை ஊக்கு குத்திச் சரிசெய்திருந்தது. யாருடையது என்று அவருக்குத் தெரியும். புது ஷூ வாங்கியிருந்தானே, அதைப் போட்டுக்கொண்டு, பழசை விட்டுவிட்டு ரோஷத்தில் முன்னாடியே கிளம்பியிருப்பான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். காலால் ஒரு தள்ளு தள்ளிவிட்டுப் பஸ்ஸைப் பார்த்து ஓடினார்.

மச்சான் அன்றைக்கு வரவில்லை. அப்புறமும் வரவில்லை. சொன்னதைச் செய்துவிட்டான், ரோஷக்காரன் என்றார்கள். அவன் அக்கா மட்டும், தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் இன்றைக்கும் ஈரக் கையைத் துடைக்காமல் ஓடிப்போய் எடுப்பாள்.

வீட்டிலும் அன்று பேச்சு அந்த மூடிதான். மகள் கட்டில்மேல் சம்மணம் போட்டு போனைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஆலமரக் கோஷ்டிக்கு அவள்தான் தலைவி.

“இரண்டாவது பகுதியில ஒரு ஆலமரம் வந்துச்சும்மா. மேனேஜரை அங்கதான் புதைச்சிருக்காங்க.”

“வாயைக் கழுவு. புதைக்கவும் இல்ல, ஒண்ணும் இல்ல,” என்றாள் மனைவி, துணி மடித்தபடியே. “அந்த ஆளுக்கு வீட்டுமேல கோவம். எங்கேயோ கண்காணாத இடத்துல உக்காந்திருக்கான். கடைசிப் பகுதியில கதவைத் தட்டுவான் பாரு.”

ஒன்பது பகுதியாக அவள் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். மேனேஜரைப் பற்றித்தான் பேசுகிறாள் என்பதுபோல மற்ற இருவரும் நடித்தார்கள்.

வாத்தியார் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பக்கத்திலேயே காலண்டர் தொங்கியது. அதில் அவர் கையெழுத்தில், ‘நாலை பல்லி லீவு.’ மகள் கல்லூரிக்குப் போன பிறகும் அவருக்கு அது பள்ளிதான். பல்லிக்கு எதற்கப்பா லீவு என்று அவளே விழுந்து விழுந்து சிரித்த காகிதம். நாக்கை மடித்துச் சொல்லுங்க, அப்பத்தான் கை மடங்கும் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாள்.

மகள் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் காலண்டரைப் பார்த்தாள். கையிலிருந்த படத்தைப் பார்த்தாள். முகத்திலிருந்த விளையாட்டெல்லாம் வடிந்துவிட்டது.

“அப்பா, இந்த ஷூட்டிங் எந்த ஆலையில நடந்துச்சு தெரியுமா?”

“எனக்கென்ன தெரியும்?”

“உங்க பழைய ஆலையில. குழுவுல போட்டிருக்காங்க.” அவள் குரலைத் தணித்தாள். “இது உங்க எழுத்துதானேப்பா?”

மனைவியின் கை மடிப்பில் நின்றது. “எங்க, காட்டு.”

அவளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. ஆனால் புருஷன் எழுத்தின் சாய்வு தெரியும். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“இது எப்ப எழுதினது?”

“மூடுன அன்னிக்கு,” என்றார். அதை மறைக்க முடியவில்லை.

“அன்னிக்கா...” அவள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. சண்டை. தம்பி. சாப்பாட்டுக்குப் பிறகு அவன் போடுகிற தூக்கம். அதைச் சொல்லி அவளே அவனை எத்தனையோ முறை திட்டியிருக்கிறாள். “என்னங்க, உள்ள பாத்துட்டுத்தானே எழுதினீங்க?”

அவர் ஆணியிலிருந்த சட்டையை நேராக்கினார்.

“பாத்தேன்.”

“நல்லாப் பாத்தீங்களா?”

“பாத்தேன்னு சொல்றேனே.”

அவள் மூச்சை விட்டாள். மடித்த துணியைத் திரும்ப உதறி மறுபடி மடித்தாள். “அவ்ளோதான். பாத்துட்டு எழுதியிருக்காரு. ஆள் இல்ல. இந்தப் பசங்களுக்கு வேற வேலை இல்ல.”

மகள் அப்பாவின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். வெகுநேரம் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது.

சனிக்கிழமை சோடாபுட்டி ஓடிவந்தான். “வாத்தியாரே! நாளைக்குக் குழுவுலேர்ந்து இருபது பேர் அந்த ஆலைக்குப் போறோம். காவல்காரர்கிட்டப் பேசியாச்சு. அந்த மூடியைத் தொறந்து பாத்துடறதுன்னு முடிவு. வீடியோவே எடுக்கப் போறோம். ஒரே சிக்கல், போல்ட்டு துருப்பிடிச்சிருக்குமாம். நீ தொட்டி வேலை பாத்தவன்தானே, ஸ்பானர் பிடிக்க வர்றியா?”

வராவிட்டால் இருபது பேர் சிரித்துக்கொண்டு திறப்பார்கள். நாற்பதாயிரம் பேர் பார்ப்பார்கள். அதில் ஒருத்தி அவர் மகள்.

“நான் வர்றேன். நான்தான் தொறப்பேன். போனையெல்லாம் அந்த நேரத்துல பாக்கெட்டுல வைக்கணும்.”

“என்னய்யா, சாமி குத்தமா?”

“வைக்கணும்னா வைக்கணும்.”

வீட்டில் சொன்னதும் மனைவி தானும் வருவதாகச் சொல்லிவிட்டாள். வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். “வந்து நானும் எட்டிப் பாத்துட்டேன்னா எனக்கு நிம்மதிங்க. உள்ள ஒண்ணும் இல்லாததைக் கண்ணால பாத்துட்டு வந்துடறேன்,” என்றாள். நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டாள். தெரிந்தவர் வீட்டுக்குப் போகிற மாதிரி. மகளும் கூடவே கிளம்பினாள்.

ஆலைக்குள் நல்ல வெயில். கூரைத் தகடுகள் பறந்துபோய், வெளிச்சம் கட்டம் கட்டமாக விழுந்திருந்தது. குழு ஆட்கள் சின்ன வயசுக்காரர்கள். ஒருவன் மேனேஜர் மாதிரி டை கட்டி வந்திருந்தான். மூடியைப் பார்த்ததும் ஹோவென்று கத்தி, அதன்மேல் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

“இறங்குங்க,” என்றார் வாத்தியார். குரலில் பழைய மேஸ்திரி இருந்தான். அவர்கள் போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு இறங்கினார்கள்.

போல்ட்டுகளில் எண்ணெய் விட்டார். சுத்தியலால் தலையில் இரண்டு தட்டு, அப்புறம் ஸ்பானர். எதிரெதிராகத்தான் கழற்ற வேண்டும், கைக்கு அது மறக்கவில்லை. ஒன்று, இரண்டு என்று சோடாபுட்டி வேடிக்கையாக எண்ணத் தொடங்கினான். ஆறுக்குமேல் அவனும் நிறுத்திவிட்டான். அந்த மங்கல் கண்ணுக்கே வாத்தியார் முகம் தெரிந்தது போலும்.

ஒன்பதாவது போல்ட்டில் மகள் பக்கத்தில் வந்து குந்தினாள்.

“பாக்கலதானேப்பா?” என்றாள், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அவர் ஸ்பானரை நிறுத்தாமல் தலையை மட்டும் அசைத்தார். இல்லை. அவள் எழுந்து போய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பன்னிரண்டாவதும் வந்தது. கடப்பாரை கொடுத்து மூடியை நெம்பித் தள்ளினார்கள். அது தரையில் உரசிக் கிறீச்சிட்டது. உள்ளிருந்து காற்று வரவில்லை, பழைய காகித நெடி மட்டும் மெதுவாக எழுந்தது. புரட்டிப் போட்டதும் மூடியின் அடிப்பக்கம் வெயிலில் தெரிந்தது. துருவில் கீறல்கள் இருந்தன. குறுக்கும் நெடுக்குமாக, இரும்பால் இரும்பைக் கீறின மாதிரி. நடுவில் கையகல இடம் முழுக்க.

“டிசைன் பாருய்யா, செட்டு போட்டவங்க என்னமா பண்ணியிருக்காங்க,” என்றான் டை கட்டியவன்.



வாத்தியார் டார்ச்சைத் தட்டிப் பார்த்தார். எரிந்தது. புது பேட்டரி, அவரே வாங்கிப் போட்டது. குப்புறப் படுத்து, தலையைத் தோள்வரை உள்ளே விட்டு, நாலு மூலையும் பார்த்தார். அன்றைக்குப் பார்க்க வேண்டிய விதமாகவே, இடது மூலையில் தொடங்கி, அவசரப்படாமல். முதல் மூலை வெறுமை. இரண்டாவது வெறுமை. மூன்றாவதில், அன்றைக்கு எடுக்காமல் விட்ட ஏணிக்குக் கீழே ஒரு புது ஷூ. புழுதி படிந்தும் அடி தேயாத ஷூ. அதற்கப்பால், தலைக்கு வைக்கச் சுருட்டிய சட்டை. வெளிச்சத்தை இன்னும் கொஞ்சம் நகர்த்தினார்.

அப்புறம் அப்படியே கிடந்தார்.

“என்னங்க?” மனைவியின் குரல் முதுகுக்குப் பின்னால் வந்தது. “ஆள் இல்லதானே?”

அவர் தலையை வெளியே எடுத்தார். முட்டி போட்டபடியே அவள் பக்கம் திரும்பினார். புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சிரிக்கத் தயாராக நின்றாள்.

மகள் எத்தனையோ வருஷமாகச் சொல்லிக்கொடுத்தது அப்போதுதான் வந்தது. நாக்கை நன்றாக மடித்து, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்.

“உள்ளே... ஆள்... இருக்கு.”