நேசையா வீட்டில் இருட்டவில்லை

பாளையங்கோட்டையில் நேசையா வாத்தியார் வீட்டு அரிக்கேன் விளக்கை ஊதினால் திரி அணைந்தது, வெளிச்சம் அணையவில்லை. அது சுவரிலேயே தங்கிற்று. மறுநாள் ஏற்றிய வெளிச்சம் அதன்மேல் சேர்ந்துகொண்டது. லெந்து என்னும் நாற்பது நாள் தவக்காலத்தின் இருபதாம் நாளில், எந்நேரமும் அந்த வீட்டுக்குள் ஊசியில் நூல் கோர்க்கலாம் என்று ஆயிற்று.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. மற்றவர்கள் லெந்துக்குக் கறி மீனை விடுவார்கள். ஓய்வுபெற்ற வாத்தியாருக்குக் கறியை டாக்டர் முன்னமே விலக்கிவிட்டதால், ஆண்டவருக்கென்று விட வேறொன்றும் கைவசம் இல்லை. ஆகவே நாற்பது நாளும் கரண்டு விளக்கே போடுவதில்லை என்று பொருத்தனை செய்தார். ஃபிரிட்ஜும் ஃபேனும் விளக்கல்ல என்பதால் பாவத்தில் சேரவில்லை. சிமினி துடைப்பதும் மண்ணெண்ணெய்க்கு அலைவதும் மனைவி கெசியாவின் பங்கு. சாட்சி சொல்வது அவர் பங்கு. சபையில் சொன்னார், ஜெபக்கூட்டத்தில் சொன்னார், பால்காரரையும் நிறுத்திச் சொன்னார். விளக்கோடு எடுத்த படம் தினமும் வாட்ஸ்அப்பில் வந்தது.

கெசியாவோ விடிகாலையில் பஸ் பிடித்து வள்ளியூருக்குக் கணக்குப் பாடம் நடத்தப் போகிறவள். கண்ணில் துணி கட்டிப் படுத்தாலும் இமைக்குள் வெளிச்சம் வந்தது. பொட்டுத் தூக்கமில்லை. வகுப்பில் கரும்பலகையில் சாய்ந்து உறங்கிவிட்டாள். இன்னொரு தடவை நடந்தால் வேலை இல்லை என்று நிர்வாகம் எழுதியே கொடுத்தது. இதற்கிடையில் காய்ச்சலில் தொண்டை கட்டி வாத்தியார் மூன்று நாள் வாய் திறக்காமல் கிடந்தார். அந்த மூன்று நாள் வெளிச்சம் மட்டும் ஊதியவுடன் ஒழுங்காகப் போயிற்று. கணக்கு டீச்சருக்கு இதற்குமேல் நிரூபணம் வேண்டுமா?

"பெனோ அப்பா, நீங்க பெருமையடிக்கப் பெருமையடிக்கத்தான் இது போகமாட்டேங்குது. ஞாயித்துக்கிழமை சபையில நெசத்தச் சொல்லுங்க. இல்லைன்னா நான் வள்ளியூர்ல ரூம் எடுத்துப் போயிருவேன்."

"என்னத்தளா சொல்லச் சொல்லுதே?"

"கக்கூஸ்ல லைட்டப் போட்டு பேப்பர் படிச்சத. அடுத்த தெரு மெர்வின் வீட்டு லைட்டுல உக்காந்து கிரிக்கெட் பாத்தத."

இருபத்தாறு வருஷத்தில் அவள் போகிறேன் என்றது அதுவே முதல் தடவை. மனிதர் பயந்துபோனார்.

ஞாயிறு ஆராதனையில் அவர் ஒவ்வொன்றாக அறிக்கையிட, இங்கே சுவரிலிருந்து ஒவ்வொரு நாள் வெளிச்சமாகக் கழன்றது. ஜன்னல் சாத்திய வீடு கும்மிருட்டாயிற்று. கெசியா ஸ்தோத்திரம் சொல்லக்கூட நேரமின்றிக் கட்டையாய் விழுந்து தூங்கினாள். சபையிலோ பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். இப்படியொரு தாழ்மையைத் தான் கண்டதில்லை என்று போதகரே சொன்னார். அதை வாத்தியார் வருகிற வழியில் மருந்துக்கடையிலும் பழக்கடையிலும் சொல்லிவிட்டு வந்தார். அவர் கதவைத் திறக்குமுன்னே வீடு முன்னைவிடப் பளீரென்று இருந்தது.

கெசியா எழுந்து உட்கார்ந்தாள். கோபம் வரவில்லை. மூன்று மணி நேரம் தூங்கியிருந்தாள்.

"சாயங்காலமும் ஆராதனை இருக்குல்லா?" என்றாள்.

இது நடந்து நாலு வருஷம் ஆகிறது. வாத்தியார் இப்போது பேட்டை தொடங்கி மாவட்டமெங்கும் போய்த் தன் பாவத்தை அறிக்கையிட்டு வருகிறார். தினமும் ஏதாவது ஒரு சபையில் கூட்டம் இருக்கத்தான் செய்கிறது. அவர் எத்தனை மணிக்குப் பேச எழுந்திருப்பார் என்று மட்டும் கேட்டுக்கொண்டு, கெசியா பாயை விரிக்கிறாள்.